சம்பந்திக்காரிக்கு ஒப்பாரி

உங்களுக்கு வேறு வேலை இல்லையா? சில்க்போர்க் பட்டணத்தில் ஒரு படத்துக்குக் கீழே மெழுகுதிரி எரிந்தது, அதற்கு முன்னால் நான் நிலத்தில் குந்தி அழுதேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே ஊர்வம்பு, விடுப்புக் கேட்க வந்துவிட்டீர்கள். அழுதவள் நான், வெட்கப்பட்டவள் என் பேத்தி. இதில் உங்களுக்கு என்ன பங்கு? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான், நீட்டி நிமிர்த்திச் சொல்ல எனக்கு வராது. ஆனால் மற்றவர்கள் சொல்லித் திரிகிற கதையில் எனக்கு விசர், பைத்தியம் பிடித்திருக்கிறது. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

படம் என்றால் சட்டைப்பையில் வைக்கிற படம் இல்லை. கதவளவு உயரம், கறுப்பு வெள்ளை. அதில் இருந்தவள் என் பேத்தி கட்டப்போகும் வியட்நாம் பொடியனின் அப்பம்மா. தாய் தகப்பன் இல்லாத அவனை அவள்தான் வளர்த்தாள். முறைப்படி பார்த்தால் எனக்குச் சம்பந்திக்காரி. முறையை விட்டுப் பார்த்தால் எதிரி. பிராண்டே ஊரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு முதல்முதலாகச் சாப்பிட வந்தாள். அன்று வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சமையல். நான் வைத்த தேங்காய்ப்பால் சொதியை ஒரு வாய் குடித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து, மீனை ஊறவைத்து வடித்த தண்ணீரை என் சொதிக்குள் ஊற்றினாள். சாமியறைக் கதவு திறந்திருந்தது. சுவாமிக்கே மணத்திருக்கும். அவள் சாப்பிட்டு முடித்ததும், அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, அந்தக் கோப்பையைத் தூக்கிக் குப்பைவாளிக்குள் போட்டேன். நல்ல கோப்பை, பூப்போட்டது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

பேத்திக்குக் கோபம். தாயும் தகப்பனும் காற்றில் மின்சாரம் எடுக்கிற காற்றாடி செய்கிற தொழிற்சாலையில் மாறி மாறி வேலைக்குப் போனார்கள். அவளுக்குத் தலை இழுத்துப் பின்னியதும் சோறு பிசைந்து தீத்தியதும் நான். அந்தப் பிள்ளை ஒரு சனிக்கிழமை என்னைக் காரில் ஏற்றி, பெல்ட்டையும் தானே மாட்டிவிட்டு, சில்க்போர்க்குக்குக் கொண்டுபோனாள். டேனிஷ்காரர் ஒருவர் வியட்நாம் மலைகளில் ஏறி இறங்கி, அங்குள்ள இனத்தவர்களை எல்லாம் படம் பிடித்திருக்கிறாராம். அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறாராம். அந்த இனங்களில் ஒன்றைச் சேர்ந்தவள் இங்கேயே இருக்கிறாள் என்று தெரிந்து எங்கள் சம்பந்திக்காரியையும் பிடித்துப் படத்தில் போட்டாராம். நுங் என்பது அவர்களின் இனத்தின் பெயர். நுங்கு மாதிரி நல்ல குளிர்ச்சியான பெயர்தான், வைத்திருக்கிற ஆளுக்குப் பொருந்தவில்லை.

“அம்மம்மா, அங்கை போய் அவவுக்கு ‘உன்ஸ்குல்’ எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தான்” என்றாள் பேத்தி. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற டேனிஷ் சொல் அது.

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி நீங்கள் கலியாணத்துக்கு வரவேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும் நகரசபை ராட்ஹூஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிட்டு வருவம்.”

“உன்னைத் தூக்கி வளத்த கைக்கு இதுதான் மரியாதையோ?”

“கோப்பையைத் தூக்கிக் குப்பையிலை போட்டதும் அந்தக் கைதானே?”

வாய் என்னைப் போலத்தான். அதன்பிறகு டேனிஷில் ஏதோ பொரிந்து தள்ளினாள். எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி இருந்துகொண்டேன். வழி முழுக்க வாயை மூடிக்கொண்டு அந்த ஒரு சொல்லை மட்டும் மென்று பார்த்தேன். தொண்டையைத் தாண்டி வர மறுத்தது.

வாசலில் என்னை இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப் போனாள். தனியே உள்ளே போனேன். வெள்ளைச் சுவர்களில் ஆளுயர முகங்கள். வெள்ளி வளையம் போட்ட கழுத்துகள், சிவப்புத் தலைப்பாகைகள், வெற்றிலை போட்டுக் கறுத்த உதடுகள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிக்கவேண்டாம் என்று படம் பிடித்தவன் சொல்லியிருப்பான். சிரிக்கிற ஏழையைப் படமாக வாங்க ஆள் இல்லையாக்கும். முன்னால் டேனிஷ்காரர்கள் வைன் கிளாசோடு நின்று ஒவ்வொரு சுருக்கத்தையும் உற்றுப் பார்த்தார்கள். சொந்தத் தாயை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு, யாரோ பெற்ற கிழவியின் கன்னத்தைப் பார்த்து “ஸ்முக், ஸ்முக்” என்றார்கள். அழகு, அழகு என்று. இந்த அழகு எனக்கும் முகம் நிறைய இருக்கிறது. பஸ்ஸில் வந்து பக்கத்தில் இருக்கத்தான் ஆள் இல்லை.

கடைசிச் சுவருக்கு வந்தேன். அங்கே அவள் படம் மட்டும் தனியாக இருந்தது. கீழே சின்ன மேசை. மேசையில் வெள்ளைப் பூங்கொத்து. பூவுக்குப் பக்கத்தில் மெழுகுதிரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

நீங்களே சொல்லுங்கள். பெரிதாக்கிய கறுப்பு வெள்ளைப் படம், முன்னால் பூ, விளக்கு. எங்கள் வீடுகளில் இப்படி யாரை வைப்போம்? இந்த நாட்டில் காலைச் சாப்பாட்டு மேசையிலும் மெழுகுதிரி கொளுத்துவார்கள் என்பது அந்த நேரம் என் மூளைக்கு எட்டவில்லை. ஆள் போய்விட்டாள் என்றே நினைத்தேன். பேத்தி காரில் முகத்தை நீட்டிக்கொண்டு வந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. சொன்னால் வரமாட்டேன் என்று மறைத்துக் கூட்டிவந்திருக்கிறாள்.

எனக்கு முதலில் துக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வழி முழுக்க ஒரு சொல்லை மென்றுகொண்டு வருகிறேன், இவள் அதைக் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கென்று மனதில் அடுக்கி வைத்திருந்த வசவுகளை இனி யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவேன்? ஆனால் செத்தவீட்டுக்கு வந்த சம்பந்திக்காரி மரம் மாதிரி நின்றால் எங்கள் பக்கத்துக்குத்தான் அவமானம். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சேலைத் தலைப்பை இழுத்து விட்டேன். நிலத்தில் குந்தி, நெஞ்சில் கையை வைத்து எடுத்தேன் ஒப்பாரியை.

“என்ரை சொதியைக் கெடுத்தவளே, எணை,
சொல்லாமல் போனதென்ன?
வாய்க்கு வாய் நிண்டவளே, எணை,
வழியிலை விட்டதென்ன?
ஆரோடை நான் கொழுவ, எணை,
ஆரை இனித் திட்ட?”

மண்டபத்தில் நின்ற டேனிஷ்காரர்கள் எல்லாரும் என்னைச் சுற்றிக் கூடினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள் போல. ஒரு மனிசன் கிளாசை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் குனிந்தான். ஒரு மனிசி கண்ணைத் துடைத்தாள். இன்னொருத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். ஆட்கள் பார்க்கிறார்கள் என்றால் எனக்குக் குரல் ஏறும். உச்சத்துக்குப் போய் மூச்செடுக்க நிமிர்ந்தேன்.

சம்பந்திக்காரி எனக்கு முன்னால் நின்றாள். படத்தில் கறுப்பாகத் தெரிந்த அதே சட்டை, நேரில் கருநீலம். கையில் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ். பேயைப் பற்றி எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். பலகாரத் தட்டோடு வருகிற பேயைப் பற்றி ஒருத்தரும் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பேத்தி ஓடி வந்தாள். “அம்மம்மா! ஸ்டொப்! என்ன செய்யிறீங்கள்?”

“இவ செத்திட்டா எண்டெல்லோ அழுதனான்!”

பேத்தியின் முகம் வெளுத்துவிட்டது. கலியாணத்துக்கு முதல் அந்த வீட்டு மூத்தவளுக்கு ஒப்பாரி வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? நான் சொன்னதைப் பேத்தி டேனிஷில் சொல்ல, அப்பம்மாவோடு வந்திருந்த பொடியன் அதைத் தன் பாஷையில் அவளுக்குச் சொன்னான். அவள் படத்தைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள், மெழுகுதிரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தட்டைக் கொண்டுபோய்ப் படம் பிடித்தவனின் கையில் திணித்தாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் என் ஒப்பாரி ஒன்றுமே இல்லை. காலையிலேயே சொன்னாளாம். உயிரோடு இருக்கிறவளின் படத்துக்கு முன்னால் விளக்கு வைக்காதே, எங்கள் வீடுகளில் அது செத்தவர்களுக்கு வைக்கிறது என்று. அவன் சிரித்துவிட்டு, இல்லை, வடிவாக இருக்கிறது என்றானாம். இப்போது என்னை விரலால் காட்டிக் காட்டி அவனை வறுத்தெடுத்தாள். டேனிஷ் பாதி, வியட்நாம் பாதி. நானும் எழும்பி, சும்மா நிற்காமல், தமிழில் நாலு கொடுத்தேன். இரண்டு பக்கத்தாலும் வாங்கிய மனிசன் ரோல்ஸ் தட்டோடு பின்னுக்குப் போய்ச் சுவரில் முட்டினான். அவள் விரலில் எச்சில் தொட்டு மெழுகுதிரியை நசுக்கி அணைத்தாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. என் பக்கம் திரும்பி, என்ன பாடினாய் என்று பொடியனைக் கொண்டு கேட்டாள். தமிழ் தெரிந்தவள் பேத்தி ஒருத்திதான். அவள், நீங்கள் நல்ல மனிசி என்று அம்மம்மா பாடினா என்று டேனிஷில் சொன்னாள்.

சம்பந்திக்காரி முதலில் ஒரு சொல்தான் சொன்னாள். “லொய்ன்.” பொய் என்று அர்த்தம். பிறகு பொடியனைக் கொண்டு, அழுகையில் கோபம் இருந்தது, எனக்குக் காது கேட்கும், உள்ளதைச் சொல் என்றாளாம்.

பேத்தி என்னைப் பார்த்தாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் அவள் நாலு வயதுப் பிள்ளைதான். “உள்ளதைச் சொல்லு மோனை, நான் பாடினதுதானே” என்றேன். சொன்னாள். சொதி, வாய்காட்டு, கொழுவல் சண்டை, திட்டு, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு என் காதுக்குள், “இப்பவாவது உன்ஸ்குல் சொல்லுங்கோ அம்மம்மா, பிளீஸ்” என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன், நம்பினால் நம்புங்கள். சம்பந்திக்காரி கையை நீட்டித் தடுத்து ஏதோ சொன்னாள். பொடியன் டேனிஷில் மொழிபெயர்த்தான், சிரிப்பை அடக்கத் தெரியாத பிள்ளை. அதைப் பேத்தி தமிழாக்கினாள். “மன்னிப்பு வேண்டாமாம். இப்ப கேட்டால் கதை முடிஞ்சிடுமாம். அவவுக்கும் அந்தக் கோப்பையைப் பற்றிக் கனக்கச் சொல்ல இருக்காம். கலியாணத்திலை உங்களைத் தனக்கு நேரெதிர்க் கதிரையிலை இருத்தட்டாம்.” சொல்லி முடிப்பதற்குள் அவள் அழத் தொடங்கிவிட்டாள். சம்பந்திக்காரி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. படத்தில் இருந்த அதே முகத்தோடு நின்றாள். படம் பிடித்தவன் சொல்லித்தான் அப்படி நின்றாள் என்று நினைத்திருந்தேன். அது அவளுடைய சொந்த முகம்.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்டுகள் மூன்று பேர் வந்தார்கள். கலியாணம் குழம்பியிருக்கும் என்று ஆசையோடு வந்த முகங்கள். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடியும் வரைக்கும் பொறுக்கவில்லை. “என்னணை, சம்பந்தி ஆள் எப்பிடி?” என்று அவர்களில் மூத்தவள் கேட்டாள்.

“எல்லாம் சரி,” என்றேன். “ஆள் இன்னும் உயிரோடை இருக்கிறா. அந்த ஒரு குறைதான்.”