கஞ்சி என்று சொன்னேன்

நேற்று தள்ளுவண்டியில் வாங்கிய கறுப்புத் திராட்சையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு கொத்தின் காம்புச் சந்தில், அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. "பஞ்சு மாதிரி இருக்குது அத்தை, கிள்ளிப் போட்டுடுங்க" என்றாள் மருமகள். பஞ்சாவது! விரல் நுனியில் எடுத்து வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு மெல்ல நகர்ந்தது. மாவுப்பூச்சி. ஐம்பது வருஷம் கழித்து என் சமையலறைக்கே தேடி வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தக் கொத்தை நான் சாப்பிடவில்லை.

திராட்சை என்றால் எல்லோருக்கும் இனிப்பு ஞாபகம் வரும். எனக்குக் கஞ்சி வாசனை வரும். எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. தறிக்காரர் வரதன் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். விடிந்ததும் தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல் பாவு ஒன்றைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். பாவு காய்வதற்குள் பள்ளிக்குக் கிளம்பினால், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நண்டு மாதிரி நடக்க வேண்டும்.

எதிர் வீட்டில் ஸ்டெல்லா. அதே பள்ளியில் டீச்சர், என் வயது, என்னோடு அதே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். இருவரும் வாடி போடிதான். எங்கள் ஊர் மாகறலில் எனக்குத் தோழிகள் இல்லாமல் இல்லை. ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் கேட்காமலே அதற்குள் கையை விடுகிற தோழி இவள் ஒருத்திதான்.

அவளுடைய அண்ணன் எங்கிருந்தோ பன்னீர் திராட்சைக் குச்சிகள் ஒரு கட்டு கொண்டுவந்தான். ஒன்றை எனக்கும் கொடுத்தாள். நான் வேர் விட்டிருக்கிறதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்துப் பார்த்து நட்டேன். அது எப்படிப் பிழைக்கும்? அவளுடையது வாசலில் போட்ட மூங்கில் பந்தலில் ஏறிப் படர்ந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பள்ளியில் தலைமையாசிரியை, "ஸ்டெல்லா கை பட்டா பட்டமரமும் துளிர்க்கும்" என்றார். அவளுடைய கையெழுத்தையும் அவர்தான் தினம் புகழ்வார். எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்ச நஞ்சமல்ல, பற்றி எரிந்தது.

அந்த வருஷம் அவளுடைய அம்மா மஞ்சள் காமாலையில் படுத்துப் பிழைத்து எழுந்திருந்தார். அதற்காக ஸ்டெல்லா ஒரு பொருத்தனை செய்துகொண்டாள், நாம் நேர்த்திக்கடன் என்போமே, அது. கொடியின் முதல் பழத்தைப் பிழிந்து ஜாடியில் ஊறவைத்து, ஈஸ்டர் அன்று சர்ச்சில் திருவிருந்துக்குத் திராட்சரசமாகக் கொடுப்பது. போதகர் அதை சபையிலேயே அறிவித்துவிட்டார். அந்த அம்மாள் பார்த்தவர்களிடமெல்லாம், "எங்க வூட்டுப் பழம் பீடத்துக்குப் போவுது" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். எங்கள் வீட்டிலிருந்து எந்தக் கோயிலுக்கும் ஒரு முழம் பூகூடப் போனதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா மாகறலில் ஒரு கொய்யா மரம் வைத்திருந்தார். அதில் ஒருமுறை மாவுப்பூச்சி வந்தது. எறும்புகள் அந்தப் பூச்சிகளைப் பல்லக்கில் வைத்துச் சுமப்பது மாதிரி கிளை கிளையாகக் கொண்டுபோய் இறக்கும். அப்பா அடிமரத்தில் எண்ணெய்த் துணி சுற்றி எறும்பை நிறுத்தினார். சோப்புத் தண்ணீரால் கிளைகளைக் கழுவினார். மரம் பிழைத்தது. இதை ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது ஸ்டெல்லாவிடம் கதையாகச் சொன்னேன். "பூச்சிக்கு வந்த வாழ்வைப் பாருடி" என்று புரைக்கேறும்வரை சிரித்தாள்.

மாசி மாதம். காய்கள் நிறம் திரும்புகிற சமயம். பாவைத் தாண்டி நடந்துகொண்டிருந்த என்னை ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

"ஏய், இங்க வாயேன்டி. இது என்னாது, வெள்ள வெள்ளயா?"

ஒரே ஒரு கிளையில்தான் இருந்தது. கணுவில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளையையும், அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையையும் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

"கஞ்சிடி. பாவுக்குத் தடவுறாங்கல்ல, காத்துல வந்து ஒட்டிக்கினு இருக்குது. காஞ்சா உதுந்துடும்."

"அப்படியா? நான் பயந்தே போயிட்டேன்" என்றாள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். என் கண்ணால் அந்தக் கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. வாயால்தான் ஆயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வரதன் அண்ணனிடம் போய்ப் பாவைக் கொஞ்சம் தள்ளிக் கட்ட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அந்த மனுஷரும் மறுபேச்சில்லாமல் நான்கு வீடு தள்ளிக் கட்டினார். அவ்வளவு தூரம் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பள்ளியில் தலைமையாசிரியை, "ஸ்டெல்லா டீச்சர், பழம் எப்போ?" என்று கேட்பார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவேன்.

பதினைந்து நாளில் பந்தல் முழுக்க வெள்ளை. இலைகளில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரி பூசினாற்போல் கறுப்பு. கொத்துக்கொத்தாகப் பழம் சூம்பிப்போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரதன் அண்ணனே எதிர் வாசலுக்கு வந்தார். கொத்தில் இருந்த வெள்ளையை விரலில் வழித்து வெயிலில் நீட்டினார்.

"முப்பது வருஷமா கஞ்சி காச்சறேம்மா. எங்கனாச்சும் கஞ்சி காலு மொளைச்சு நடக்குமா? இது பூச்சி. கஞ்சின்னு யாரு சொன்னது?"

ஸ்டெல்லாவின் அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. கொய்யா மரக் கதை அவள் முகத்தில் வந்து போனது எனக்குத் தெரிந்தது.

"யாரும் சொல்லலைங்க. நானேதான் நெனைச்சிக்கினேன்" என்றாள்.

கொடியை அடியோடு வெட்டிக் கொளுத்தினாள். ஈஸ்டருக்கு வழக்கம்போல் மெட்ராஸிலிருந்து பாட்டில் வந்தது. அவளுடைய அம்மா அன்று கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். மற்ற டீச்சர்கள் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை பள்ளி வராந்தாவில் அவள் கிட்டே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், நம்புங்கள். நான் ஆரம்பிப்பதற்குள், "பெல் அடிச்சிட்டாங்க டீச்சர், நீங்க போங்க" என்றாள். கோபமே இல்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒரே பள்ளியில் இருந்தோம். அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள்.

போன தையில் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். எதிர் வீடு மாடி வீடாகியிருந்தது. வாசலில் பந்தல் இருந்த இடத்தில் இரண்டு பைக் நின்றது. மண்டபப் படியில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது, அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே. "நல்லா இருக்கிறீங்களா டீச்சர்?" என்றாள் ஸ்டெல்லா. கண்ணைப் பற்றிக் கேட்டாள், முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரே ஒரு தடவை அவள் வாய் தவறியாவது அந்தப் பழைய ‘டி’ வந்துவிடாதா என்று காத்துக்கொண்டே சொன்னேன்.

கீழே அவளுடைய பேத்தி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "நேரமாவுது, வாடி" என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே ஸ்டெல்லா படியிறங்கிப் போனாள்.