மாம்பழ மஞ்சளும் ஆப்பிள் வினிகரும்

தயாளன் அண்ணன் காலமான செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. அனுப்பியவர் அவர் மகன். நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்த எண்ணிலிருந்து எது வந்தாலும் ஆப்பிள் சிடர் வினிகரின் மகிமையாகத்தான் இருக்கும் என்று நம்மில் பலர் மதியம்வரை திறந்தே பார்க்கவில்லை. நானோ படிக்காமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

போனது நிமோனியாவால். ரத்தக் கொதிப்பு கடைசிவரை அடங்கித்தான் இருந்தது. இதைச் சொல்லாவிட்டால் அண்ணன் எழுந்து வந்து சண்டை போடுவார்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுவதில் அவரை விஞ்ச ஆளில்லை. தொட்டியில் புளிப்பு சேர்த்தால்தான் பட்டில் நிறம் நிற்கும். அந்தக் கணக்கிலேயே தன் ரத்தக் கொதிப்புக்கும் வினிகரை நம்பினார்.

"சாயத்தையே புடிச்சி நிறுத்துது, ரத்தத்த நிறுத்தாதா?"

"நிறுத்திடப் போவுதேன்னுதான் எனக்கு பயம்" என்பார் அண்ணி.

டாக்டர் கொடுத்த மாத்திரை அலமாரியில் தூங்கியது. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபிக்குப் பதில் வினிகர் தண்ணீர் கிடைத்தது. பிறகு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

அப்போதுதான் கண்ணில் புரை விழுந்தது. பிரஷர் இறங்காமல் ஆபரேஷன் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாயக்காரருக்குக் கண் போனால் பிழைப்பே போச்சு. அண்ணன் வினிகரின் அளவைக் கூட்டினார். வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

என் மகளின் கல்யாணப் புடவையை நானே நெய்வதாக இருந்தேன். மாம்பழ மஞ்சள் கேட்டேன். மாதிரி நூல் எதற்கு என்று கண்ணளவிலேயே போட்டுக் கொடுத்தார். பிரித்தால் எலுமிச்சை மஞ்சள். "எப்டி கீது?" என்று முகமெல்லாம் சிரிப்பாக நின்றவரிடம் என்ன சொல்ல? "அருமைண்ணே" என்றேன். அதையே நெய்தேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. நூல் வாங்கிய மறுநாளே அவரிடம் போனேன்.

"அண்ணே, சாயம் சரியா புடிக்கலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"தண்ணிய கொட்டிட்டு வேற கலக்குவேன்."

"மாசக்கணக்கா வினிகர்ல ஊறிக்கினு இருக்கீங்க, ஒண்ணும் புடிக்கலியே."

எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து மாத்திரை சாப்பிட்டாராம். வினிகர் தண்ணீரில்தான் விழுங்கினாராம், அண்ணி சொன்னார். பிரஷர் இறங்கியது. புகழ் முழுவதும் வினிகருக்கே போனது. "மாத்திரை சும்மா தொணைக்கி" என்று குழுவில் எழுதினார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கல்யாணமான புதிதில் மகள் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு என்னுடன் அவரைப் பார்க்க வந்தாள். அண்ணன் உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது எலுமிச்சங்கா கலரு? எவன் போட்டான்?"

"நீங்கதான் பெரியப்பா."

முந்தானை நுனியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்பா அன்னிக்கே சொல்லல?"

"பிரஷர் ஏறிடும்னுதாண்ணே."

"இப்ப எறங்குமா?"

அதன்பின் பார்க்கும்போதெல்லாம் புடவையைக் கொடு, மாம்பழமாக்கித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் தரவில்லை.

குழுவில் இப்போது வினிகர் வருவதில்லை. வந்தால் முதல் ஆளாகத் திறந்து படிப்பேன்.

அவருடையது என்று எங்களிடம் இருப்பது அந்தப் புடவைதான். காரியத்துக்கு மகள் அதைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள். திரும்பும்போது நல்ல மழை. வீட்டுக்கு வந்து வெள்ளைத் துண்டில் ஒற்றி ஒற்றி எடுத்தோம். கண் தெரியாத காலத்தில் அண்ணன் போட்ட மஞ்சள், ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.