ஒரு விரல் உள்ளே

கரண்டி அள்ளிய சாந்து செங்கல்லின் மேல் விழுந்தது. கைகள் அதை ஒரே இழுப்பில் பரப்பி, அடுத்த கல்லை வைத்து, கரண்டிப் பிடியால் இரண்டு தட்டு தட்டி, பிதுங்கியதை வழித்தெடுத்தன. கைகள் தம்பாட்டுக்கு ஓடின. யோசனையெல்லாம் முழங்கால்களைப் பற்றித்தான். எந்தக் கல் முடிந்ததும் எழுவது, எதைப் பிடித்து எழுவது.

சாந்துச் சட்டியோடு நின்ற நாத்தனார் சிரித்தாள். "அண்ணி, நீங்க எந்திரிக்கறதுக்குள்ள இன்னொரு ஊரு புதைஞ்சிடும் போல."

"நீ கை குடுத்தா சீக்கிரம் எந்திரிப்பேன். வாய் குடுத்தா எப்படி?"

அண்ணிக்காரி புருஷனோடு சித்தாளாக வேலைக்கு வந்து கொத்தனார் ஆனவள். அவன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு அவன் கரண்டியைக் கையில் எடுத்தாள். பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, மாடி வீடு என்று முப்பது வருடம் கட்டியாயிற்று. நாலு வருடமாக, தோண்டியெடுத்த இந்தப் பழைய நகரத்தில் இடிந்த சுவர்களை அடைக்கிற வேலை. பார்க்க வருகிறவர்கள் பேருந்தில் வந்து இறங்கி, தெருவையும் கிணற்றையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இங்கே ஒரு விதி உண்டு. இடிபாட்டில் கிடைத்த பழைய செங்கல்லையே வைத்து அடைத்தாலும், புது வேலை பழைய சுவரைவிட ஒரு விரல் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். எது அந்தக் காலத்தது, எது நேற்று வைத்தது என்று பார்த்ததும் தெரிய வேண்டும். ஒட்டுப் போட்டது தெரியாமல் கட்டுவதே கெட்டிக்காரத்தனம் என்று பழகிய கைக்கு இது லேசில் படியவில்லை. அதனால் உள்ளே தனியாக ஓர் ஆணி அடித்து, அதில்தான் வரிசை பிடிக்கிற நூலைக் கட்டுவாள்.

இப்போது அடைப்பது இடுப்பளவு ஓட்டை. மேலே பழைய சுவர் மரமுட்டின் தாங்கலில் நின்றது. "இதை முடிச்சுக் குடுங்கம்மா, அப்புறம் ஷெட்டுக்குப் போயிடலாம்" என்று வேலையை மேற்பார்க்கும் அதிகாரி சொல்லியிருந்தார். ஷெட்டில் நாற்காலி உண்டு. உட்கார்ந்து பழைய செங்கல்லைத் துடைத்து எண் போட வேண்டும், அவ்வளவுதான். அவள் ராத்திரி தைலம் தேய்க்கும்போதெல்லாம் அந்த நாற்காலியைத்தான் நினைத்தாள். அன்று பொழுது சாயும்போது மேலே கடைசி ஐந்து செங்கல் வரியையும் வைத்து முடித்துவிட்டே எழுந்தாள்.

மறுநாள் காலை மரமுட்டுகளை எடுத்ததும் நாத்தனார்தான் முதலில் பார்த்தாள்.

"அண்ணி, மேல அஞ்சு வரி உள்ள போகலையே."

"தெரியுது. நூலை வெளி ஆணியில கட்டிட்டேன்."

அது மட்டுமில்லை. மூன்றாவது வரி நடுவில் தொய்ந்திருந்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு மறு கையால் வைத்த கற்கள் அவை.

"டேப்பு சார் கண்டுபிடிச்சிடுவாரா?" என்றாள் நாத்தனார். எந்நேரமும் கையில் அளவு நாடாவோடு திரிகிற அதிகாரிக்கு அவள் வைத்த பெயர் அது.

"கண்டுபிடிச்சா பிரிக்கலாம்" என்றாள் கொத்தனார். அவளுக்குக் குனியவே பயமாக இருந்தது.

பத்து நாளாக நகரத்தின் மறுகோடியில் இருந்த அதிகாரி, அன்று பார்க்க வந்த பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தார். உள்வாங்கிய வரிகள் முடிகிற இடத்தைப் பார்த்தவர், ஓட்டை அந்த மட்டும்தான் என்று நினைத்துவிட்டார்.

"இதுக்கு மேல எல்லாம் ஒரிஜினல். ரூல் போட்ட மாதிரி இருக்கு பாருங்க. ஆனா இந்த வரி மட்டும் தொய்ஞ்சிருக்கு. கட்டினவனுக்கு அன்னிக்கு வேலையில மனசு இல்ல."

"அந்தக் காலத்துலயே ஏமாத்து வேலைதானா?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேர் கிட்டே வந்து படம் எடுத்தார்கள். அதிகாரி அங்கேயே நாடாவை நீட்டி அளந்து குறித்துக்கொண்டார்.

அவர்கள் கிணற்றுப் பக்கம் போனதும் நாத்தனார் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணி, உங்களுக்கு ரெண்டாயிரம் வயசாம்."

"முழங்காலைக் கேட்டா சரின்னுதான் சொல்லும்."

சொன்னாளே தவிர, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாளாக அந்தப் பழைய ஆளின் கல்லுக்குப் பக்கத்தில் கல் வைத்தவள் அவள். உடைந்த ஓரத்தில், யாரும் பார்க்க முடியாத உள்பக்கத்திலும் அவன் சாந்து நிறைய அடைத்திருந்தான். ஓர் இடத்தில்கூடப் பொக்கை இல்லை. அவன்தான் பன்னிரண்டு பேர் முன்னால் ஏமாற்றுக்காரன் ஆனான்.

"நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"என்ன அண்ணி நீங்க, நாற்காலி கைக்கு வர்ற நேரத்துல? அவன் செத்து எத்தனை காலமாச்சு. எந்திரிச்சு வந்து நான் இல்லைன்னு சொல்லப் போறானா?"

"சொல்ல முடிஞ்சா அவனே சொல்லிக்கட்டும்னு விட்டிருப்பேன்."

கிணற்றடியில் வந்தவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதிகாரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சார், அந்தத் தொய்வு என்னோடது. மேல அஞ்சு வரியும் என்னோடது. நூலை மாத்திக் கட்டிட்டேன்."

அவர் கையிலிருந்த குறிப்பைப் பார்த்தார். பிறகு வந்தவர்களைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்லியிருக்கணும்."

"பிரிக்கணும். ஆனா ஷெட்டுக்கு நாளைக்கே ஆள் வேணும். உங்களுக்காக நிறுத்தி வைக்க முடியாது."

"வேற ஆளைப் போட்டுக்குங்க சார்."

திரும்ப முட்டு கொடுத்து, உளியால் சாந்தைச் சுரண்டி, ஐந்து வரியையும் ஒவ்வொரு கல்லாக உருவியெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. திரும்ப வைக்க மூன்று நாள். அண்ணி உட்காரக் காலி சாக்கை மடித்துப் போட்ட நாத்தனார், அந்த ஐந்து நாளும் கேலி பேசவில்லை. ஷெட்டு நாற்காலியில் மறுநாளே வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள் என்பதை மட்டும் சொன்னாள். "நல்ல பொண்ணுதான்" என்றாள் கொத்தனார், அடுத்த கல்லுக்குக் கை நீட்டியபடி.

ஆறாம் நாள் அதிகாரி வந்தார். சுவரை வரைந்து ஆவணத்தில் சேர்க்கிற பெண்ணும் பலகையோடு வந்திருந்தாள். அவர் அன்று பார்க்க வந்தவர்களிடம் பிற்பாடு ஏதாவது சொன்னாரா என்று கொத்தனார் கேட்கவில்லை.

வரைகிற பெண் பழைய சுவரிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். விளிம்பில் விரல் ஒரு படி உள்ளே இறங்கியது.

"இதுக்கு மேல?" என்றாள்.

"அது அந்தக் காலத்து ஆளுங்களோட வேலை. இங்கேருந்து தரை வரைக்கும் என்னோடது" என்றாள் கொத்தனார்.

அந்தப் பெண் பென்சிலை எடுத்து இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்தாள். கொத்தனார் நூலை அவிழ்த்துச் சுருட்டி, அவர்கள் நின்று வரைய இடம் வேண்டுமென்று சாந்துச் சட்டியையும் சாக்கையும் ஓரமாக இழுத்து வைத்தாள்.