அத்தைக்குக் கடல் காட்டிய ஞாயிறு

"மாப்பிள்ளைக்கு அநேக ஆசீர்வாதம். இந்த வெள்ளிக்கிழமை வருவதாக எழுதியிருந்தோம். தோட்டத்துக் கோயிலில் திருவிழா வைத்துவிட்டபடியால் அடுத்த வெள்ளிதான் வர முடியும். சனி, ஞாயிறு இருந்துவிட்டுத் திங்கள் காலை பிள்ளையை அழைத்துக்கொண்டு புறப்படுவோம்."

என் மாமனார் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்திலிருந்து எழுதிய அஞ்சலட்டை இது. முத்திரையில் 1957 ஜூன் என்பது தெளிவாகத் தெரிகிறது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பிக்கிடக்கிறது.

'பிள்ளை' என்றது என் மனைவியை. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஆனால் அவளுக்குப் போக விருப்பமில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுடைய அக்காவுக்கு அந்த வீட்டில் வலி எடுத்தபோது, கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலச் சட்டத்தின் ஊரடங்கு நேரம். தோட்டத்தைச் சுற்றியிருந்த முள்வேலியின் கேட்டைத் திறந்து லாரியை வெளியே விட வெகுநேரம் ஆகிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் இவள். மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.

"வரமாட்டேன்னு நான் சொன்னா, அன்னைக்கு நீ சரியாப் பார்த்துக்கலேன்னு சொன்ன மாதிரி ஆயிடும். அம்மா மனசு ஒடிஞ்சிடும்" என்றாள். "அவங்களுக்கே தோணணும். நீங்க ஊரை நல்லாச் சுத்திக் காட்டுங்க, போதும்."

நல்லாச் சுற்றிக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஒரு கோடு போட்ட தாளில் நிகழ்ச்சி நிரல் எழுதினேன். ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரே அது எழும்பிய ஆண்டு, ஆண்டு பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தால் அதுவும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு உஜோங் பாசிரில் கடல். அந்த ஞாயிறு ஐந்து மணிக்குக் கடல் ஏற்றத்தில் வெள்ளம் கரையைத் தொட்டு நிற்கும் என்று அங்குள்ள ஒரு மீனவரிடம் கேட்டுக் குறித்திருந்தேன். அஞ்சலட்டை வந்ததும் சோம்பல் படாமல் தாள் முழுவதையும் மறுபடி எழுதி, எல்லாத் தேதிகளையும் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன்.

வெள்ளி மாலை வந்து சேர்ந்தார்கள். மலாக்காவின் ரயில் பாதையை ஜப்பான்காரன் காலத்தில் பிடுங்கிக்கொண்டு போயிருந்ததால், தம்பினில் இறங்கி அங்கிருந்து பஸ். ஆளுக்கு ஒரு மூட்டை, ஒரு பலாப்பழம். மாமா கணக்கு எழுதி ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி; இப்போது மகன், மருமகளோடு அங்கேயே இருந்தார். அத்தை மாப்பிள்ளையிடம் நேராகப் பேசமாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை, நான் எதிரில் நிற்கும்போதே, மகளிடம் சொல்வார்.

அன்று பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேலாக ஒரு மூடிய குழம்புப் பாத்திரம் நீட்டினார். மலாக்காச் செட்டி வீட்டுப் பெண்மணி, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர் வழி. நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரிகள் உடுத்தும் கெபாயாவும் சாரோங்கும், வாயில் முழுக்க மலாய். அத்தை சந்தோஷமாகத் தமிழில் ஆரம்பித்தார். பதில் மலாயில் வரவும் திகைத்துப்போய்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். "திருநீறு பூசியிருக்காங்க, தமிழ் வரலியே" என்று அன்றிரவு இரண்டு தடவை சொன்னார். குழம்பு மட்டும் மிச்சமில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினோம். குன்றின் மேலிருக்கும் பாழடைந்த தேவாலயத்தில் போர்த்துகீசியரிலிருந்து தொடங்கினேன். மாமா குடையை ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். அத்தை அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "பாப்பா, கூரை எங்கேன்னு கேளு" என்றார். கூரை போய் வெகுகாலம் ஆயிற்று என்றேன். கீழே கோட்டை வாசலுக்கு வந்தோம். வாசலுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தவர், திரும்பி மறுபடி நுழைந்து பார்த்தார். "கோட்டை எங்கேன்னு கேளு." இங்கிலீஷ்காரன் வெடி வைத்துத் தகர்த்துவிட்டான், வாசல் மட்டும் தப்பியது என்று ஆண்டோடு சொன்னேன்.

"மாப்பிள்ளை" என்றார் மாமா, "நாம பொறந்த பிறகு இந்த ஊர்ல ஏதாவது நடந்திருக்கா?"

நடந்திருந்தது. எதிரே இருந்த திடலைக் காட்டினேன். போன ஆண்டு பிப்ரவரியில் நாட்டின் விடுதலைக்கு நாள் சொன்ன இடம். கூட்டத்தில் நானும் நின்றேன் என்றதும் மாமா முதன்முறையாக நிமிர்ந்து நின்று, புல்லை நன்றாகப் பார்த்தார். அத்தை மகளின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீங்கியிருந்தன. மீதிக் கட்டடங்களை விட்டுவிட்டுப் பொற்கொல்லர் தெருப் பிள்ளையாரைக் கும்பிட்டு வீடு திரும்பினோம். மூட்டைகளில் ஒன்றை அத்தை அவிழ்க்கவே இல்லை. அதில் மகளின் துணிகளைத் திணிக்க இடம் விட்டிருந்தார்.

மீதியிருந்தது கடல் ஒன்றுதான். ஞாயிறு மாலை பக்கத்து வீட்டம்மாவும் ஒரு வாளியோடு எங்களுடன் புறப்பட்டார். உஜோங் பாசிரில் போர்த்துகீசிய வழிவந்தவர்கள் குடியிருப்பில் அவருக்குத் தெரிந்த வீடு உண்டு. சிஞ்சாலோக் என்ற இறால் ஊறுகாய் போடச் சின்ன இறால் வாங்க வேண்டுமாம். பஸ்ஸில் மாமா என் காதருகே குனிந்தார். அத்தைக்குக் கடல் ஆகாது என்றார். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த அத்தனை நாளும் எழுந்திருக்காமல் வாந்தி எடுத்தவராம். பினாங்கில் இறங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர், அதற்குப் பிறகு கடல் இருக்கும் பக்கமே பார்த்ததில்லையாம். கடலோர ஊரில் பெண் கொடுக்கத் தயங்கியதும் அதனால்தான் என்று முடித்தார். முன் இருக்கையில் இருந்த மனைவியைப் பார்த்தேன். அவளுக்கும் இது தெரியாது என்பது பிறகு தெரிந்தது.

நான் வெள்ளம் நிறைந்து நிற்கும் நேரமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகிறேன். பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடலாமா என்று இருந்தது.

ஐந்து மணி ஐந்து நிமிடம். கரைக்கு வந்தோம். கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் நிறச் சேறு, நடுநடுவே ஓடைபோல் நீர்க்கோடுகள், வெகுதொலைவில் ஒரு வெள்ளிக் கம்பி. படகுகள் சாய்ந்து கிடந்தன. தேதியை ஒரு வாரம் தள்ளியவன் மணியை அப்படியே விட்டிருக்கிறேன். ஒரு வாரத்தில் ஏற்றமும் இறக்கமும் தலைகீழாக மாறிவிடும் என்பது அந்தக் கரையில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அத்தை வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பிறகு கல்யாணத்துக்கு அப்புறம் முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"மாப்பிள்ளை, நேத்து கூரையில்லாத கோயிலக் காட்டினீங்க. கோட்டையில்லாத வாசலக் காட்டினீங்க. இன்னைக்குத் தண்ணியில்லாத கடலா?"

முதலில் சிரித்தவர் மாமா. அப்புறம் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்து வீட்டம்மா சாரோங்கை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிக் கையை நீட்டினார். அத்தை அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சேலையை வரிந்து கட்டினார். இறங்கிவிட்டார்.

இருவரும் கைகோத்து வெகுதூரம் போனார்கள். தோட்டத்துக் கடையில் கற்ற மலாய் அத்தைக்குப் போதுமானதாக இருந்தது போலும், பேச்சு நிற்கவில்லை. என்ன பேசினார்கள் என்பதை அந்தம்மா பிறகு சொன்னார். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ராத்திரியில் போகக் கார் கிடைக்குமா, வழியில் கேட் உண்டா, கேட்டைப் பூட்டுவார்களா என்பதையே அத்தை திரும்பத் திரும்பக் கேட்டாராம். தன் மகள் மூன்று பிள்ளைகளையும் அங்கேதான் பெற்றாள், வழியில் கேட்டே கிடையாது என்று இவர் சொல்ல, அத்தை சேற்றில் நின்றபடியே சற்று அழுதாராம். எங்களுக்குக் கரையிலிருந்து தெரிந்தது இரண்டு பெண்கள் குனிந்து வாளியில் சிப்பி பொறுக்கியது மட்டும்தான்.

திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு, முகத்தில் ஒரு தீற்றல். குழாயடியில் கால் கழுவிக்கொண்டே மாமாவிடம் சொன்னார்:

"நாளைக்கு நீங்க மட்டும் போங்க. நான் இருந்து பார்த்துக்கிட்டு வரேன்."

"தாய்வீட்டுலதானே பெத்துக்கணும்?"

"தாய் இருக்கிற வீடு தாய்வீடுதான்."

"அப்ப எனக்குச் சோறு?"

"முப்பது வருஷமா என் சாப்பாட்டுல உப்பு சரியில்லேன்னீங்க. கொஞ்ச நாளைக்கு மருமக கையால சாப்பிட்டுப் பாருங்க."

என் மனைவி குழாயருகே வந்தாள். குனிய முடியாத வயிற்றோடு குனிந்து, அம்மாவின் குதிகாலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்த மூட்டையை அவிழ்த்தார். திரும்பும் பஸ்ஸில் மாமா மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, இனி எழுதும் அட்டைகளில் மணியையும் குறிப்பிடுகிறேன் மாப்பிள்ளை என்று சொல்லியிருந்தார்.

செப்டம்பரில், நாடு விடுதலையடைந்து இரண்டு வாரம் ஆகுமுன், எங்கள் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் காலை பத்து இருபது என்று இருக்கிறது. அந்த நேரத்தில் உஜோங் பாசிரில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது என்று அத்தை கடைசிவரை சொல்லிவந்தார். பக்கத்து வீட்டம்மாவும் அதையே சொன்னார், ஆனால் அவருக்குச் சொன்னவர் அத்தை. அந்த ஆண்டின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பல இடங்களில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. ஆகவே தண்ணீர் ஏறியதா இறங்கியதா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.