மேடைக்கு முதுகு காட்டியவர்

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். படிக்க வைத்தது அம்மாவின் கரகாட்டம்.

கோயில் கொடைத் திருவிழாக்களில் அவளுக்கு ஆட்டம் பேசிவிடும் தென்காசி ஏஜென்ட், சாயம் பூசிய மீசைக்காரர். ஆட்டம் முடியும்வரை மேடைக்கு முதுகு காட்டி, கூட்டத்தையே பார்த்தபடி நிற்பார்.

சுரண்டைப் பக்கம் ஒரு கொடையில், அம்மாவின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்த ஒருவன் மேடையேறப் போனான். இவர் அவன் தோளில் கைபோட்டார். "மாப்ளே, நீ ஏறுனா மேளம் நின்னுரும். ஊரே ஏசும்லா." அவன் அசடு வழிய உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, அம்மா ஆடுதத ஒருக்காவது பாத்திருக்கியளா?" என்றேன்.

"ஏட்டி, நான் அங்கன திரும்புனா இவனுவள யாரு பாப்பா?"

ஊர் திரும்பும்போது வேறொரு கொடைக்காரரிடம் போனில் சொன்னார்: "இப்பிடி ஒரு ஆட்டத்த நீங்க பாத்திருக்கவே மாட்டிய!"

அவர் குரலில் துளிகூடப் பொய் இல்லை.