கலியாணக் கார்டும் சுவர் மணிக்கூடும்

கல்முனை டவுனிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் ஒரு பெரிய வளைவு வரும். அதைப் பார்த்து உள்ளே ஏதோ பல்கலைக்கழகம் இருக்கிறதென்று யாராவது நினைத்தால் கெம்பஸ் முதலாளி பர்ஸான் ஹாஜியாருக்கு உச்சி குளிர்ந்துவிடும். உள்ளே இருப்பதோ நாலு வகுப்பறை, ஒரு கம்பியூட்டர் அறை, பெயின்ட் வாளி அடுக்கிய ஒரு ஸ்டோர், பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஒரேயொரு கழிப்பறை. அதன் கதவுக் கொண்டியும் சரியாக விழாது. ஹாஜியார் ஹார்ட்வெயார்க் கடைக்காரர். "மதிப்பு வாசல்ல இரிக்கணும்" என்பதுதான் அவருடைய கல்விக் கொள்கை.

பிள்ளைகளைச் சேர்ப்பது, சேர்ந்தவர்களை விடாமல் பிடித்து வைப்பது, கெம்பஸை முன்னேற்றுவது, இந்த மூன்றும் ஹாஜியார் சம்பளத்துக்கு வைத்த முஸ்பிறாவின் தலையில் விழுந்தன. முன்னேற்றம் வளைவோடு முடிந்துவிட்டது. சேர்ப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. மருதமுனை தொடங்கி அட்டாளைச்சேனை வரைக்கும் வீடு வீடாக ஏறி, உம்மாமாரோடு பிளேன்டீ குடித்து, கணக்கியல் டிப்ளோமாவுக்கு நாற்பத்தெட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்தாள். பிடித்து வைப்பதில்தான் கோட்டை விட்டாள். இரண்டாம் வருடம் முடியப் போகிற நேரத்தில் எண்ணிப் பார்த்தால் முப்பது பேர்.

அந்தக் கிழமைதான் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இறுதிப் பரீட்சைக்கு முப்பது பேராவது உட்கார வேண்டும். ஒன்று குறைந்தாலும் பரீட்சை இல்லை, அத்தோடு பாடநெறி மூடப்படும். மிஞ்சுகிற இருபத்தொன்பது பேரின் இரண்டு வருடமும் தண்ணீரில் போகும், முஸ்பிறாவின் வேலையும் கூடவே போகும்.

அவள் சும்மாவா இருந்தாள்? வரவுக்குப் பரிசு கொடுத்தாள். கொழும்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு ஊக்கப் பேச்சு வைத்தாள். அன்றைக்குப் பாதி வகுப்பு வரவில்லை, கூடப் படித்த ஒருத்தியின் கலியாணத்துக்குப் போயிருந்தது. "கலியாணம் வந்தா படிப்பு நிண்டுரும், அதுக்கு நாம என்ன செய்ற?" என்று முஸ்பிறா தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவளுக்கும் அப்படித்தானே நடந்தது. பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில் கலியாணம் வந்தது, படிப்பு நின்றது. பதினாறு வருடமாக அதை அந்த வரியிலேயே சொல்லி வருகிறாள்.

அலுவலகத்தில் லிஸ்ட் அடிக்கிற பவிதரன் பெரியநீலாவணைக்காரன். அதிகம் கதைக்க மாட்டான், கதைத்தால் சுருக்கென்று ஏறும்.

"மிஸ், படிப்ப விட்ட இந்தப் பதினெட்டுப் பேரும் நீங்க நல்லவ எண்டு சொன்ன பிள்ளைகள்தானே?"

முஸ்பிறா லிஸ்டை இழுத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். விசயம் இதுதான். சம்பந்தம் பேசுமுன் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கெம்பசுக்கு விசாரிக்க வருவார்கள். நேரே கேட்டுவிட்டால் மரியாதை என்னாவது? பேத்திக்குக் கோர்ஸ் பார்க்க வந்ததாகச் சொல்லி, கட்டட அழகையெல்லாம் புகழ்ந்து, எழும்பிப் போகிற நேரத்தில், "இந்த இன்னாரின் மகளும் இங்கயா படிக்கா?" என்று ஒரு கொக்கியைப் போடுவார்கள். முஸ்பிறா உடனே வாய் நிறைய, "மாஷா அல்லாஹ், தங்கமான புள்ள" என்பாள். ஒரு மாதத்தில் கலியாணக் கார்டு மேசைக்கு வந்துவிடும். சேர்த்த கையாலேயே கட்டியும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாளே பாவி!

இனி வாயைத் திறப்பதில்லை என்று அவள் முடிவெடுத்த மூன்றாம் நாள் ஸம்றா வந்து நின்றாள். வகுப்பிலேயே முதல் ஆள் அவள், முப்பதில் ஒருத்தி.

"மிஸ், என்னக் கேட்டு ஆள் வருவாங்களாம். நல்லதா ஒண்டும் செல்லிராதீங்க. எனக்குப் படிப்ப முடிக்கணும்."

"பொய் செல்லச் செல்றியா? ஒரு குமர்ப் புள்ளையப் பத்தி நான் பொய் செல்ல மாட்டன். அல்லாஹ்வுக்குப் பதில் செல்லணும்."

"பொய் வேணாம் மிஸ். உள்ளதச் செல்லுங்க, அது போதும்."

வந்தவர் அட்டாளைச்சேனை ஆயிஷா உம்மா. பேத்திக்குக் கோர்ஸ், கட்டட அழகு, எல்லாம் ஒழுங்காக முடிந்து கொக்கி விழுந்தது. முஸ்பிறா மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். ஸம்றா எதிர்த்துக் கதைப்பாள். பாடமெடுக்கிற சேர் பிழை விட்டால் எழும்பி நின்று திருத்துவாள். விடிய நேரத்துக்கு எழும்ப மாட்டாள். கெம்பஸ் விருந்துக்குச் சோறு ஆக்கக் கொடுத்ததில் சட்டியும் சேர்ந்து கரிந்துபோனது.

ஆயிஷா உம்மா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இப்படி ஒருத்தியத்தான்கா நான் தேடித் திரியிற. என்ட மகன் ஒரு வாயில்லாப் பூச்சி. சாமான் வாங்கப் போனா மிச்சக் காசக் கேக்கவும் பயம்."

நல்லது சொன்னாலும் கலியாணம், கெட்டது சொன்னாலும் கலியாணம்! முஸ்பிறாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மரியாதையெல்லாம் பறந்து, "அப்ப என்ட கோர்ஸையும் மூடிட்டுப் போங்க உம்மா. இவ படிப்ப உட்டு நிண்டா இருபத்தொம்பதுதான்" என்று கொட்டிவிட்டாள்.

ஆயிஷா உம்மாவின் சிரிப்பு நின்றது. "அவ ஏன்கா நிக்கணும்? நம்மட பக்கம் மாப்பிள்ளதானே பொண்ணூட்டுக்கு வாற. ஊடு மாறுறது என்ட மகன். அவ இரிந்த ஊட்டுலதான் இரிக்கப் போறா. நடந்து வாற தூரந்தானே?"

"எங்கட ஆக்களும் அப்பிடித்தான்" என்றான் பவிதரன், கம்பியூட்டரிலிருந்து தலை தூக்காமலே.

அப்படியென்றால் அந்தப் பதினெட்டுப் பேரும் எதற்கு நின்றார்கள்? இரண்டு வருடத்தில் முஸ்பிறா ஒருத்தியிடமாவது கேட்டாளா? இல்லை. அன்றைக்கே முதல் நின்றவளான ஹஸ்மிலாவுக்கு ஃபோன் கோல் எடுத்தாள்.

"நீ ஏன் புள்ள படிப்ப உட்ட?"

"நீங்கதானே மிஸ் அனுப்பி வெச்ச."

"நானா?"

"கார்டு கொண்டுவந்து தந்தன். நீங்க மஸ்கெட் அல்வா வெட்டி, மணிக்கூடு தந்து, கட்டிப் புடிச்சி அழுதீங்க. மறுகா எந்த மூஞ்சோட வாற?"

சுவர் மணிக்கூடு. நடுவில் வளைவின் படம், கீழே கெம்பஸ் பெயர். வீட்டுக்கு வீடு தொங்கினால் அதைவிட விளம்பரம் வேறில்லை என்று ஹாஜியார் மொத்தமாக அடிப்பித்தது. கார்டு வந்த அன்றே மணிக்கூட்டைக் கொடுத்து, அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பேனையால் 'விலகல் – திருமணம்' என்று எழுதி ஃபைலை மூடுவாள் முஸ்பிறா. பதினெட்டு முறை அப்படிச் செய்திருக்கிறாள். ஒரு பிள்ளையும் விலகுவதாகச் சொன்னதே இல்லை.

அடுத்த கிழமை முழுக்க ஆட்டோவில் அலைந்தாள். கொடுத்த மணிக்கூட்டுக்குக் கீழேயே உட்கார்ந்து, "வெக்கத்த உட்டுச் செல்றன், என்ட பிழைதான், வா புள்ள" என்று கெஞ்சினாள். ஏழு பேர் மாட்டேன் என்றார்கள், பதினொரு பேர் வந்தார்கள். ஹஸ்மிலா கைக்குழந்தையோடு வந்தாள். ஸ்டோரில் கிடந்த பெயின்ட் வாளிகளை வெளியே தள்ளி, பவிதரன் அங்கே குழந்தைக்கு ஒரு ஏணை கட்டினான். கழிப்பறைக் கொண்டியையும் அவனே அடித்தான். கெம்பஸில் நடந்த உண்மையான முன்னேற்றம் இந்த இரண்டும்தான்.

ஸம்றாவும் கலியாணம் முடிந்த நாலாம் நாள் மருதாணிக் கையோடு வகுப்புக்கு வந்து, வந்த வேகத்தில் சேரின் கணக்கில் பிழை பிடித்தாள். பரீட்சைக்கு நாற்பத்தொரு பேர் உட்கார்ந்தார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு ஹாஜியார் வளைவைக் காட்டி, "இதக் கட்டின புறகுதான் புள்ளைகள் கூடின" என்று விளக்கிக்கொண்டிருந்தார். முஸ்பிறா அதைத் திருத்தப் போகவில்லை. வேலை தப்பிவிட்டது, வீண் சண்டை எதற்கு?

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் ஹோலில் நின்றபடியே மேலே பார்த்தாள். சுவரில் அவளுடைய மணிக்கூடு. ஹொஸ்டலில் கூட இருந்த பிள்ளைகள் அவள் கலியாணத்துக்குக் காசு சேர்த்து வாங்கி, அழுது அழுது கொடுத்தது. கீழே அவளுடைய கணவர் நஜிமுதீன் கதிரையில் உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கிட்ட ஒண்டு கேக்கணும். அண்டைக்குக் கலியாணம் முடிச்ச புறகு நான் படிக்கப் போறதுக்கு உங்களுக்கு விருப்பமில்லையா?"

"ஆரு செல்லிய? நீ எப்ப கேப்பாய் எண்டு ரெண்டு கிழமையா விடியத்துல மோட்டச்சைக்கிளத் துடைச்சி வெச்சன். நீ கேக்கவேயில்ல."

"நீங்க ஒரு சொல்லுச் செல்லி இரிந்தா நான் போயிரிப்பனே!"

அவர் மேலே ஒருதரம் பார்த்தார்.

"மணிக்கூட்டோட வந்தவளுக்கிட்ட நான் என்னண்டு செல்ற?"