அமர்த்து

கேரள எல்லை மலைக்கிராமமான எங்கள் வட்டவடையில் காற்று எழுந்தால் கரண்ட் போய்விடும். அன்று காலையிலிருந்தே காற்று. டிவியோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லையென்று அதன் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். நடுவில் கரண்ட் போனால் பெட்டியே செத்துவிடும் என்று மலையாளி மெக்கானிக் போனில் பலமுறை எச்சரித்திருந்தார். கூரைத் தகரம் படபடக்கும்போதெல்லாம் யார்மேல் என்று தெரியாமல் எனக்கு எரிச்சல் வந்தது. உதவி வேண்டுமா என்று கேட்கவும் பயந்து, மாமியார் சுவிட்ச் போர்டுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார்.

பாதி முடிந்ததும், தொடர ஏதாவதொரு பொத்தானை அழுத்தச் சொல்லித் திரை நின்றது. ஸ்பீக்கரில் இருந்த மெக்கானிக்கிடம் சொன்னேன்.

"இனி அமர்த்திக்கோ" என்றார்.

மலையாளத்தில் அமர்த்துவது என்றால் அழுத்துவது. எங்கள் வீடுகளில் விளக்கை அணைப்பதைத்தான் அமத்துவது என்போம். கட்டிலில் கிடந்த கீபோர்டை எடுக்கத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் டக்கென்று ஒரு சத்தம். திரை கறுத்தது, தலைக்கு மேலே விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அமர்த்தியோ?" என்றார் மெக்கானிக்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"அமத்திட்டேன் தம்பி."